ஹார்வர்ட் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு லாரா கில்லின் கதை உதவுமா?

ஜெராய்_அடிவாரம் (பீடோங், கெடா, மலேசியா) எழுதியது:

வணக்கம். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவம், அதாவது பள்ளியின் பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் அரசாங்கத் தேர்வு) முடிவு வந்ததும் எங்கள் கோயில் மண்டபத்தில் பெண்பிள்ளைகளுக்கும் அவர்களுடைய அம்மாக்களுக்கும் ஒரு கூட்டம் வைக்கப் போகிறோம். வழக்கம்போல் தன்முனைப்புப் பேச்சாளர் ஒருவரைக் கூப்பிட்டு, விளக்கை அணைத்து, பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, அப்பா அம்மாவை நினைத்து அழ வைத்து அனுப்புவதில் எனக்கு விருப்பமில்லை. நான் இடைநிலைப் பள்ளியில் ஆலோசக ஆசிரியை. முந்தின நாள் அழுத பிள்ளை மறுநாள் என் அறைக்கு வந்து கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், யூ.பி.யூ.வில் (பொதுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில்) எதை முதல் தேர்வாகப் போடுவது?"

பேச்சுக்கு விஷயம் தேடியபோது லாரா டிரேக் கில் என்ற அம்மையாரைப் பற்றிப் படித்தேன். 1860இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பிறந்தவர். 1881இல் ஸ்மித் கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டுப் பெண்கள் பள்ளி ஒன்றில் நெடுங்காலம் கணக்கு டீச்சர். 1898இல் ஸ்பெயினோடு போர் மூண்டபோது செஞ்சிலுவைச் சங்கம் கியூபாவுக்கு அனுப்பிய தாதியர் குழுவுக்குப் பொறுப்பாகப் போனார். 1901 முதல் 1907 வரை நியூயார்க்கில் பார்னார்ட் பெண்கள் கல்லூரிக்கு டீன். அதற்குப் பிறகு பட்டதாரிப் பெண்கள் சங்கத்தின் தலைவர்.

எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம்தான். அந்தக் காலத்தில் காலேஜ் முடித்த பெண் என்றால் டீச்சர் வேலை, இல்லாவிட்டால் கல்யாணம். பாஸ்டனில் 1877 முதல் பெண்களின் கல்விக்கும் தொழிலுக்குமென ஒரு சங்கம் இயங்கி வந்தது. 1910இல் அந்தச் சங்கம் பட்டதாரிப் பெண்களுக்கு வேலை வழிகாட்டும் அலுவலகம் ஒன்றைத் திறந்தபோது அதை நடத்த வந்தவர் இவர். ஆசிரியர் வேலையை விட்டால் படித்த பெண்ணுக்கு வேறு என்னென்ன உண்டு என்று துறை துறையாக விசாரித்து எழுதி, அந்தச் சங்கம் அதே வருடம் ஒரு தொகுப்பையும் வெளியிட்டது. அடுத்த வருடம் நியூயார்க்கிலும் பெண்கள் கல்லூரிகளின் பழைய மாணவிகள் ஒன்றுகூடி இதே மாதிரி ஓர் அலுவலகம் தொடங்கினார்கள்.

தொழில் வழிகாட்டல் என்றால் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது ஃபிராங்க் பார்சன்ஸ் பெயரைத்தான். அவரும் அதே பாஸ்டன்தான், 1908. இந்த அம்மாவின் பெயரை யாரும் சொன்னதில்லை. கூட்டத்தில் இவர் கதையைச் சொல்லலாமா? இல்லை, ரப்பர் தோட்டப்புறத்து அம்மாக்களுக்கு இது அந்நியமாக இருக்குமா? கருத்துச் சொல்லுங்கள்.

தே_ஓ_கோசோங் எழுதியது:

டீச்சர், அமெரிக்காவுக்கு ஏன் போக வேண்டும்? நானே ஹார்வர்டில் படித்தவன்தான். பீடோங் ஹார்வர்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளி, ஆறாம் வகுப்பு வரை.

கம்பெனி_பஸ் (சுங்கைப் பட்டாணி) எழுதியது:

தம்பி, இந்தப் பகடியை என் அப்பா காலத்திலேயே கேட்டாச்சு.

டீச்சர், நல்ல முயற்சி. என் கதையையும் சேர்த்துக் கொள்ளுங்கள். எங்களுக்கு வழிகாட்ட யாரும் வந்ததில்லை, பஸ்தான் வந்தது. 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்து மின்னியல் தொழிற்சாலைகள் வந்த பிறகு, அவர்களுக்குக் கை வேகமும் பொறுமையும் உள்ள இளம் பெண்கள் தேவைப்பட்டார்கள். பினாங்கில் கிடைத்தது போதாமல் கெடாவிலும் ஆள் எடுத்தார்கள். பினாங்குப் பாலம் 1985இல் திறந்ததும் எங்கள் பக்கத்திலிருந்து போய் வருவது இன்னும் சுலபமானது. தோட்டச் சந்திப்பில் பஸ் நிற்கும். மூன்றாம் படிவத்தில் தேறாதவள், ஐந்தாம் படிவம் முடித்தவள் எல்லாரும் ஒரே பஸ்ஸில் ஏறுவோம்.

எனக்கு மைக்ராஸ்கோப் வேலை. தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்ட வேண்டும். எட்டு மணி நேரம் குனிந்தபடி பார்த்துவிட்டு நிமிர்ந்தால் சுவரில் இருக்கும் கடிகாரம் இரண்டாகத் தெரியும். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் சம்பளத்தில் நான் சைக்கிள் வாங்கினேன், அம்மாவுக்குச் சேலை வாங்கினேன், வீட்டில் என் பேச்சுக்கு முதல் முறையாக மதிப்பு வந்தது. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம்.

குறை எங்கே என்றால், நான் வேலையில் சேர்ந்தபோது எங்கள் லைனில் மெஷின் பழுது பார்க்க வந்த பையனும் ஐந்தாம் படிவம்தான். அவன் சனிக்கிழமைகளில் ஏதோ ஒரு சர்டிபிகேட் படித்தான், டெக்னீஷியன் ஆனான், பிறகு சூப்பர்வைசர். நான் கடைசி வரை ஆப்பரேட்டர். அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அவனுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? ஆண்கள் கோபி கடையில் உட்கார்ந்து பேசுவார்கள், அங்கே கேள்விப்பட்டிருப்பான். நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கினால் நேரே வீடு.

ஒட்டுப்பால் எழுதியது:

டீச்சர் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த அம்மையார் 1881லேயே காலேஜ் போனவர். அதற்கே வசதி வேண்டும். நம் பிள்ளைக்குச் சிக்கல் பஸ் காசு, விண்ணப்பக் காசு, ஹாஸ்டல் காசு. இதில் டீச்சர் வேலை வேண்டாம், வேறு பாருங்கள் என்று சொல்வது நமக்கு ஒத்துவருமா? பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் தலை நிமிர்ந்ததே டீச்சர் வேலையாலும் தாதி வேலையாலும்தான். ஒரு வீட்டில் ஒருத்தி டீச்சரானால் பின்னால் மூன்று தம்பி தங்கைகள் படித்தார்கள். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்.

ஜெராய்_அடிவாரம் எழுதியது:

கோபமெல்லாம் இல்லை அண்ணே. என் அக்கா டீச்சராகி என்னைப் படிக்க வைத்ததால்தான் நான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். லாரா கில்லும் டீச்சர் வேலையைத் தாழ்த்தவில்லை, அவரே டீச்சராக இருந்தவர். எல்லாரும் ஒரே வாசலில் முண்டியடித்தால் சம்பளம் இறங்கும், விருப்பமில்லாதவளும் அதிலேயே போய் மாட்டிக்கொள்வாள். அதுதான் அவர்களுடைய கவலை.

அவர் கதையில் நான் எடுத்துக்கொண்டது, விசாரித்துவிட்டுப் பேசும் பழக்கம். இந்த வேலைக்கு என்ன பயிற்சி வேண்டும், தொடக்கச் சம்பளம் என்ன, மேலே போக வழி உண்டா, பெண்களை எடுக்கிறார்களா அல்லது எடுப்பதாகச் சொல்கிறார்களா. இதையெல்லாம் முதலாளிகளிடமும் வேலை செய்யும் பெண்களிடமும் கேட்டுத் திரட்டி வைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் வந்தவளுக்கு ஆலோசனை. என் அறையில் இருப்பது கல்லூரிகள் கொண்டுவந்து கொடுத்த பளபளப்பான விளம்பரத் தாள்கள். அதை எடுத்துக் கொடுத்தால் நான் ஆலோசகரா, விற்பனையாளரா?

மூன்று_வருடக்_கடன் எழுதியது:

டீச்சரின் கடைசி வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் காலத்தில் தனியார் தாதிமைக் கல்லூரிகள் மழைக்கால காளான் மாதிரி. எஸ்.பி.எம். முடிவு வந்த மூன்றாம் நாள் ஒருவர் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கே வந்தார். கழுத்துப்பட்டை, கையில் லேப்டாப் பை, பேச்சில் நல்ல தமிழ். அம்மா கொடுத்த மைலோவை வாங்கிக் குடித்தார். "இப்போது பணமே கட்ட வேண்டாம் அம்மா, எல்லாம் பி.டி.பி.டி.என். பார்த்துக்கொள்ளும், படித்து முடித்ததும் அரசாங்க மருத்துவமனை காத்திருக்கிறது" என்றார். பாரத்தில் பென்சிலால் சிறு சிறு பெருக்கல் குறி போட்டுக் காட்ட, அந்த இடங்களிலெல்லாம் அப்பா கையெழுத்து வைத்தார். பி.டி.பி.டி.என். என்பது அரசாங்கத்தின் உயர்கல்விக் கடன் நிதி; கடன் என்ற சொல்லை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கல்லூரியின் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

மூன்று வருடம் படித்தேன். தாதியர் வாரியத்தின் தேர்விலும் தேறினேன். வெளியே வந்தால் என்னைப் போல டிப்ளோமா வைத்துக்கொண்டு வேலை தேடுகிறவர்கள் நாடு முழுக்க. 2010ஐ ஒட்டிய வருடங்களில் இது பத்திரிகைகளிலேயே வந்த விஷயம்தான். அரசாங்கம் தன்னுடைய பயிற்சிக் கழகங்களில் படித்தவர்களுக்கே முதலில் இடம் கொடுத்தது, தனியார் மருத்துவமனைகள் அனுபவம் கேட்டன. நான் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுத்தேன், அப்புறம் ஒரு டயாலிசிஸ் நிலையம் எடுத்துக்கொண்டது. இன்று நன்றாக இருக்கிறேன், வேலையும் பிடித்திருக்கிறது. ஆனால் இடையில் போன வருடங்களும் ஏறிய கடனும் யார் கணக்கு?

எங்கள் பள்ளி ஆலோசகர் கெட்டவர் இல்லை. அந்தக் கல்லூரிக்காரர்களைப் பள்ளி மண்டபத்தில் மேசை போட விட்டார், அவ்வளவுதான். போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, மருத்துவமனைப் பயிற்சி எங்கே, எத்தனை பேர் வாரியத் தேர்வில் தேறினார்கள் என்று அவர் அந்த மேசையில் கேட்டிருந்தால் போதும், எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தப்பித்திருப்போம்.

அம்மா_பீடோங் எழுதியது:

இதைப் படித்தால் பயமாக இருக்கிறது. என் மகள் தாதி ஆக வேண்டும் என்கிறாள். வேண்டாம் என்று சொல்வதா?

மூன்று_வருடக்_கடன் எழுதியது:

வேண்டாம் என்று சொல்லவே இல்லை அக்கா. இப்போது நிலைமை தலைகீழ். சிங்கப்பூரும் சவூதியும் நம் தாதிகளை இழுத்துக்கொண்டு போகின்றன, இங்கே ஆள் பற்றாக்குறை. மகளுக்கு விருப்பம் இருந்தால் போகட்டும். ஆனால் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகத்துக்குத்தான் முதலில் மனுப் போடுங்கள். அங்கே படிக்கும்போதே அலவன்ஸ் உண்டு. அது கிடைக்காவிட்டால் தனியார். அப்போதும் வீட்டுக்கு வந்து மைலோ குடிப்பவர் சொல்வதை நம்பாமல், அந்தக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒன்றைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.

லுனாஸ்காரி எழுதியது:

நான் வேறு மாதிரி அனுபவம் சொல்கிறேன். எங்கள் கவுன்சலிங் டீச்சர் மெலிந்த உடம்பு, பழைய ஹோண்டா கப்பில் பள்ளிக்கு வருவார். அவர் அறைக்குப் போனாலே ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று மற்ற பிள்ளைகள் நினைப்பார்கள். கட்டொழுங்கு டீச்சர் அனுப்பும் பிள்ளைகளையும் அவரிடம்தானே தள்ளுவார்கள். அதனால் அவர் கேண்டீனில் உட்கார்ந்து பேசுவார். மீ கோரெங் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு நீல நோட்டு. யாருக்குக் கணக்கு வரும், யார் வீட்டில் அப்பா குடிப்பார், எந்தப் படிப்புக்கு எந்த மாதம் மனு முடிகிறது எல்லாம் அதில் இருக்கும்.

எனக்கு ஜித்ரா பாலிடெக்னிக்கில் மின்னியல் பொறியியல் கிடைத்தது. அப்பா முடியாது என்றுவிட்டார். பெண்பிள்ளை ஹாஸ்டலில் தங்குவதாவது, அதுவும் ஆம்பளைப் பிள்ளைகள் படிக்கிற படிப்பு. டீச்சர் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார். அப்பாவிடம் வாதாடுவார் என்று நினைத்தேன். வணக்கம் சொன்னதோடு சரி. நேராகப் பின்கட்டுக்குப் போய், கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டியோடு உட்கார்ந்து தானும் ஆய ஆரம்பித்தார். எந்தத் தோட்டம், எத்தனை வருடம் பால் வெட்டினீர்கள், பால் பிடிக்கும் மங்கு கழுவும்போது கை வெடிக்குமே என்று ஒரே பேச்சு. என் பெயரை எடுக்கவே இல்லை. கிளம்பும்போதுதான், "உங்கள் பேத்திக்கு ஜித்ராவில் இடம் கிடைத்திருக்கிறது பாட்டி, வீட்டில் யோசிக்கிறார்கள்" என்றார்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் பாட்டி அப்பாவைப் பார்த்துக் கேட்டது: "நான் வயித்துப் பிள்ளையோட விடியறதுக்கு முன்னாடி இருட்டில நெத்தி விளக்கைக் கட்டிக்கிட்டுக் காட்டுக்குள்ள போனேன். அப்ப உங்க அப்பனுக்கு வராத பயம், இவ பட்டப்பகல்ல பஸ் ஏறிப் படிக்கப் போறதுக்கு உனக்கு எங்கேயிருந்துடா வந்துச்சு?"

அப்பா எழுந்து கை கழுவப் போய்விட்டார். மறுநாள் ஹாஸ்டல் பாரத்தில் கையெழுத்து.

இப்போது கூலிம் ஹை-டெக் பார்க்கில் வேலை. மெஷின் பராமரிப்புப் பிரிவு. மேலே கம்பெனி பஸ் அக்கா சொன்னாரே, மெஷின் பழுது பார்க்க வந்த பையன். அந்த வேலையைத்தான் நான் செய்கிறேன் அக்கா.

கம்பெனி_பஸ் எழுதியது:

மகராசியாக இரு. ஷிப்ட் முடிந்ததும் கண்ணைப் பரிசோதித்துக்கொள், விளையாட்டில்லை.

ஒட்டுப்பால் எழுதியது:

லுனாஸ்காரி பாட்டிக்கு என் வணக்கம். சரி, படித்தாச்சு, வேலையும் கிடைத்தாச்சு. அப்புறம் கல்யாணம், பிள்ளை. எங்கள் சொந்தத்திலேயே பட்டம் வாங்கிய மூன்று பெண்கள் வீட்டில் இருக்கிறார்கள். அதற்கு என்ன ஆலோசனை சொல்வார் உங்கள் லாரா கில்?

மனிதவளம்_மாடி3 எழுதியது:

அண்ணன் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். நான் ஒரு தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். நாட்டில் பொதுப் பல்கலைக்கழகங்களில் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் படிக்கிறார்கள். ஆனால் வேலைச் சந்தையில் பெண்களின் பங்கேற்பு 56 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது, ஆண்கள் 80க்கு மேல். படித்த பெண்கள் நடுவில் எங்கே போனார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

கூட்டத்தில் சட்டத்தையும் கொஞ்சம் சொல்லுங்கள் டீச்சர். 2023 ஜனவரி முதல் தனியார் துறையிலும் மகப்பேறு விடுப்பு 98 நாள். முன்பு 60. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரச் சொல்லி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம், முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மறுக்கலாம், ஆனால் காரணம் எழுதித் தர வேண்டும். நேர்காணலில் "எப்போது கல்யாணம்?" என்று இன்றும் கேட்கிறார்கள். நானே காதால் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே எப்படிப் பதில் சொல்வது என்று பிள்ளைகளுக்கு ஒத்திகை கொடுத்தாலே பாதி வழிகாட்டல் முடிந்தது.

மற்றபடி ஆலோசனை மருமகளுக்கு மட்டும் போதாது அண்ணே. மாமியாருக்கும் மகனுக்கும் சேர்த்துத்தான்.

ஒட்டுப்பால் எழுதியது:

கடைசி வரி என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

ஆறாம்_படிவம் எழுதியது:

எல்லாரும் நல்ல விஷயம் பேசுகிறீர்கள். ஆனால் டீச்சர், கூட்டத்தின் தேதியே பிழை என்பது என் கருத்து. எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு பேசினால், பாதிக் கதவு ஏற்கெனவே மூடியிருக்கும்.

2020இல் நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பாகுபாட்டை எடுத்துவிட்டார்கள். இப்போது பாடங்களை மாணவரே பொறுக்கிக்கொள்ளலாம், பள்ளியில் என்ன தொகுப்பு இருக்கிறதோ அதற்குள். கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பது என்ன? மூன்றாம் படிவம் முடிக்கும் பிள்ளை தோழி எடுத்ததை எடுக்கிறது. இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் கஷ்டம் என்று விட்டுவிடுகிறது. அந்த வயதில் விட்டது, இரண்டு வருடம் கழித்துப் பொறியியலுக்கு மனுப் போடும்போதுதான் தெரிகிறது. பெண்பிள்ளைகள் விஷயத்தில் "உனக்கு எதற்குமா இந்தக் கஷ்டம்" என்று ஆசிரியர்களே விட்டுவிடச் சொல்வதையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசாங்கப் படிப்பு) கிடைக்காவிட்டால் உலகமே முடிந்தது என்று நம் வீடுகளில் ஓர் ஒப்பாரி. 10ஏ எடுத்தவர்களுக்கு இனப் பாகுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் என்று 2024இல் அறிவித்தார்கள், நல்லது. ஆனால் 5ஏ, 6ஏ எடுத்த பிள்ளைக்கு ஆறாம் படிவம் இருக்கிறதே? செலவு மிகக் குறைவு, வீட்டிலிருந்தே போகலாம், அதன் முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வை வைத்து அதே யூ.பி.யூ.வில் அதே பல்கலைக்கழகத்துக்கு மனுப் போடலாம். 2012 முதல் மூன்று தவணையாகப் பிரித்துவிட்டதால், முன்பு மாதிரி ஒரே பரீட்சையில் தலை உருளாது. எம்.யூ.இ.டி. ஆங்கிலத் தேர்வை மட்டும் கடைசிவரை தள்ளிப் போடக் கூடாது. நம் பிள்ளைகள் சறுக்குவது அங்கேதான்.

ஜெராய்_அடிவாரம் எழுதியது:

ஆறாம்_படிவம் சொன்னதை நிர்வாகக் குழுவில் பேசிவிட்டேன். கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறோம். ஐந்தாம் படிவம் முடித்தவர்களுக்கு ஒன்று, மூன்றாம் படிவப் பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும் ஒன்று. இரண்டாவதற்குத் தலைப்பே "இயற்பியலை விடலாமா?" என்று வைத்திருக்கிறேன். அப்பாக்களும் வர வேண்டும் என்று அழைப்பிதழில் போட்டாயிற்று. சாப்பாடு உண்டு என்பதையும் சேர்த்துப் போட்டேன், அப்போதுதான் வருவார்கள்.

லாரா கில்லைப் பற்றி ஐந்து நிமிடம் போதும் என்று தோன்றுகிறது. கடைசிக் காலத்தில் அவர் கென்டக்கியில் பெரேயா கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார். மலைப்பகுதியின் ஏழைப் பிள்ளைகள் வேலை செய்துகொண்டே படிக்கும் கல்லூரி அது. 1926இல் அங்கேயே காலமானார். பார்னார்டில் டீனாக இருந்தவர் அங்கே போனார் என்பது ஒட்டுப்பால் அண்ணனுக்காக.

மிச்ச நேரம் உங்களுக்கு. லுனாஸ்காரி, மூன்று_வருடக்_கடன், மனிதவளம்_மாடி3, கம்பெனி_பஸ் அக்கா, நீங்கள் நால்வரும் ஆளுக்கொரு மேசையில் உட்கார முடியுமா? விளம்பரத் தாள் எதுவும் வேண்டாம். பிள்ளைகள் வரிசையாக வந்து சம்பளம், ஷிப்ட், கடன், கல்யாணம் என்று எதை வேண்டுமானாலும் கேட்பார்கள். உள்ளதைச் சொன்னால் போதும்.

மூன்று_வருடக்_கடன் எழுதியது:

வருகிறேன். பி.டி.பி.டி.என். பாக்கித் தாளையும் எடுத்து வருகிறேன், பார்க்கட்டும்.

லுனாஸ்காரி எழுதியது:

சனிக்கிழமை என்றால் எனக்கு நைட் ஷிப்ட். காலை எட்டுக்கு முடியும், பத்து மணிக்கு மேல் வைத்தால் நேரே வந்துவிடுவேன்.

அம்மா_பீடோங் எழுதியது:

டீச்சர், மகளுக்கு மலாய் ஏ, கணிதம் பி, அறிவியல் சி, ஆங்கிலம் டி. தாதிமைக்கு மனுப் போடலாமா? பேச்சைக் கேட்க அவளோடு நானும் வருகிறேன், அவள் அப்பாவையும் இழுத்து வரப் பார்க்கிறேன்.

ஜெராய்_அடிவாரம் எழுதியது:

மலாய், கணிதம், அறிவியல் மூன்றும் கிரெடிட் (நல்ல தேர்ச்சி) அக்கா, அதுதான் முக்கியம். மற்ற பாடங்களின் முடிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எஸ்.பி.எம். முடிவுத் தாளின் நகலும் மகளின் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை பள்ளி அலுவலகத்துக்கு வாருங்கள், கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். லுனாஸ்காரி, பத்தரைக்குத் தொடங்குகிறோம்.